பழகிய கட்டடத்துக்கு மறுபடி கேமராவோடு போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பதினோரு வருஷமாக ஒரே நூலகக் கட்டடத்தைப் படமெடுத்து வருகிறேன். நான்கு மாடி, பூச்சு இல்லாத கான்கிரீட், மேற்குப் பக்கம் முழுக்க வரிசையாகச் செங்குத்து வெயில் தடுப்புகள். பெரிய பெயரெடுத்த கட்டடமெல்லாம் இல்லை. "மறுபடியும் அங்கேயா?" என்று சிரிக்கிறவர்கள் உண்டு, நாமும் இப்படி ஒன்றைப் பிடித்துக்கொண்டால் என்ன என்று யோசிக்கிறவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான், அதனால் மொத்தமாக எழுதி வைத்துவிடுகிறேன்.

ஏற்கெனவே நல்ல படம் கிடைத்துவிட்டது. மறுபடி எதற்குப் போக வேண்டும்?

அதே படத்தை இன்னும் கொஞ்சம் நன்றாக எடுக்கத்தான் என்றால் போக வேண்டாம், வீட்டில் இருக்கலாம். நானும் இரண்டாவது, மூன்றாவது தடவை அதற்குத்தான் போனேன். பழைய படத்துக்குக் கூடவே ஒரு நகல் கிடைத்தது, அவ்வளவுதான்.

முதல் தடவை போகும்போது கட்டடம் எங்கே நிற்கச் சொல்கிறதோ அங்கேதான் நிற்போம். வாசல் எதிரே, முகப்பு முழுசாகத் தெரிகிற இடம். அதில் தப்பில்லை, அந்தப் படம் எடுத்தாக வேண்டும். எடுத்து முடித்த பிறகுதான் மற்றவை கண்ணில் படும். எனக்கு அது நான்காவது தடவையில் நடந்தது. அன்றைக்கு ஒரே ஒரு கேள்வியோடு போனேன்: மேற்குத் தடுப்புகளின் நிழல் சாயங்காலம் உள்ளே எதுவரை வருகிறது? முகப்பை ஒரு தடவைகூட எடுக்கவில்லை. ஐந்து மணிக்கு மேல் வாசிப்பறையின் மூன்றாவது மேஜையில் அந்தக் கோடுகள் ஏறின, விரித்து வைத்திருந்த செய்தித்தாளைப் பத்தி பிரித்தது போலக் குறுக்கே விழுந்தன, படித்துக்கொண்டிருந்தவர் வெளிச்சப் பட்டைக்கு ஏற்றபடி தாளை மெல்ல நகர்த்தி நகர்த்திப் படித்தார். வாசலுக்கு எதிரே நின்றிருந்தால் எனக்கு இது தெரியவந்தே இருக்காது.

அதனால் என் பதில் இதுதான்: புது லென்ஸோடு போவதைவிட ஒரு கேள்வியோடு போங்கள். ஒரு தடவைக்கு ஒன்று போதும்.

நவீனக் கட்டடம் என்று எதைச் சொல்கிறீர்கள்? கண்ணாடி மாளிகைகளையா?

அவையும் உண்டு. பொதுவாக 1920களுக்குப் பிறகு இரும்பு, கான்கிரீட், பெரிய கண்ணாடி ஆகியவற்றை மறைக்காமல் காட்டுகிற கட்டடங்களையெல்லாம் இங்கே சேர்த்துத்தான் பேசுகிறேன். கலை வரலாற்றுக்காரர்கள் இதை நாலைந்தாகப் பிரிப்பார்கள். கேமராவுக்கு அது பெரிதாக ஒன்றும் தேவைப்படுவதில்லை.

எந்த மாதம், எந்த நேரம் போவது நல்லது?

காலையும் மாலையும் பொன் வெளிச்சம் என்று எல்லாரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. கட்டடம் எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்று தெரியாமல் அந்த அறிவுரையால் பிரயோசனம் இல்லை. போனில் இருக்கும் திசைகாட்டியை வைத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்து, ஒவ்வொரு சுவரும் எந்தத் திசை பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சூரியன் எந்த நாளில் எங்கே நிற்கும் என்று காட்டும் ஆப்கள் இருக்கின்றன. மீதியை அவை பார்த்துக்கொள்ளும்.

சூரியன் உதிக்கும், மறையும் இடம் வருஷம் முழுக்க நகர்ந்துகொண்டே இருக்கிறது. மார்ச், செப்டம்பர் மாதக் கடைசி வாரங்களில் ஏறக்குறைய நேர் மேற்கில் மறையும். ஜூனில் வடமேற்குப் பக்கம், டிசம்பரில் தென்மேற்குப் பக்கம். நிலநடுக்கோட்டருகே இந்த இரண்டு எல்லைக்கும் இடையே சுமார் 47 பாகை, 50 பாகை அட்சரேகையில் சுமார் 76 பாகை. அதாவது உங்கள் கட்டடத்தில் வெயிலே படாத சுவர் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது வேறொரு மாதத்தில் நன்றாக வெயில் வாங்கிக்கொண்டிருக்கலாம். என் நூலகத்தில் செப்டம்பர் கோடுகள் நேராக உள்ளே போகும், டிசம்பரில் சாய்ந்து போய் அலமாரியில் ஏறும். அதே அறையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு வேறாக இருக்கும்.

அப்புறம் சுவரின் சொரசொரப்பு. அது தெரிய வேண்டுமென்றால் வெயில் சுவருக்கு நேராக வரக் கூடாது, சுவரை உரசிக்கொண்டு போக வேண்டும். ஒரு சின்னக் கணக்கு: சுவரிலிருந்து 30 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தடுப்பு, பக்கவாட்டில் பார்த்தால் வெயில் சுவருக்கு 45 பாகையில் வரும்போது 30 செ.மீ. நிழல்தான் போடும். அதே வெயில் 10 பாகையில் உரசிக்கொண்டு வந்தால் நிழல் 1.7 மீட்டர். அந்த 10 பாகை நிலை அதிக நேரம் நீடிக்காது. மேற்குச் சுவருக்கு அது உச்சி சாய்ந்த உடனே வரும், அதாவது படமெடுக்கிறவர்கள் எல்லாரும் வெயில் கடுமையாக இருக்கிறதென்று சாப்பிடப் போகிற நேரம். கடும் வெயிலில் எடுக்காதே என்ற விதியைக் கான்கிரீட் கட்டடத்துக்கு நான் கண்டுகொள்வதே இல்லை.

மேகமூட்டமாக இருந்தால் திரும்பி வந்துவிடலாமா?

வராதீர்கள். ஜெர்மனியின் பெர்ன்ட் பெக்கரும் ஹில்லா பெக்கரும் 1959இலிருந்து பல பத்தாண்டுகள் தண்ணீர்த் தொட்டிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் ஊதுலைகளையும் எடுத்தார்கள், வேண்டுமென்றே மேகம் மூடிய வெளிச்சத்தில். நிழல் குறுக்கே வராததால் பொருளின் வடிவம் மட்டும் மிஞ்சுகிறது, ஒன்றை இன்னொன்றோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிகிறது. நிறங்களும் கறைகளும் மேகமூட்டத்தில்தான் ஒழுங்காகத் தெரியும். வானம் வெள்ளைத் தாள் மாதிரி இருக்கும் என்பது உண்மைதான். வானத்தை ஃப்ரேமில் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லை ஒரேயடியாக விட்டுவிடுங்கள்.

கட்டடம் பின்னால் மல்லாந்து விழுவது போல வருகிறது. ஏன்?

கேமராவை மேலே தூக்கியதால். கேமராவுக்குள் படம் பதியும் பரப்பான சென்சார் சுவருக்கு இணையாக இருக்கும் வரை செங்குத்துக் கோடுகள் செங்குத்தாகவே இருக்கும். உச்சி வெட்டுப்படுகிறதே என்று கேமராவை அண்ணாந்து பிடித்த கணமே அவை மேலே போகப் போகக் கிட்டே வந்துவிடும்.

சரி, உச்சியை எப்படிக் கொண்டுவருவது? பின்னால் போகலாம், எதிர்க் கட்டடத்தின் இரண்டாவது மாடிக்கு ஏறலாம், இல்லையென்றால் ஷிஃப்ட் லென்ஸ். அதில் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தலாம், கேமரா நேராகவே இருக்கும். எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதற்குக் கணக்கு சொல்கிறேன், ஏனென்றால் பலர் இதைச் சும்மா ஏதோ ஆடம்பரம் என்று நினைக்கிறார்கள். முழு அளவு சென்சார், 24 மி.மீ. லென்ஸ், கேமரா 1.5 மீட்டர் உயரத்தில் மட்டமாக, படம் நெடுக்குவாட்டில், சுவரிலிருந்து 20 மீட்டர் தூரம். சாதாரண லென்ஸில் 16.5 மீட்டர் உயரம் வரை ஃப்ரேமில் வரும். 12 மி.மீ. மேலே நகர்த்தினால் 26.5 மீட்டர். நின்ற இடத்திலேயே மூன்று மாடி கூடுதல். நிக்கான் 1960களின் தொடக்கத்தில் 35 மி.மீ. கேமராவுக்கு இப்படி ஒரு லென்ஸைக் கொண்டுவந்தது, பெரிய தட்டுக் கேமராக்களில் இந்த வசதி அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது.

அந்த லென்ஸ் இல்லாமல் முடியாதா? போன் போதுமா?

முடியும், போதும். படத்தை நெடுக்கில் மட்டமாகப் பிடித்து எடுத்துவிட்டு, கீழே வருகிற தரையை அப்புறம் வெட்டிவிடுங்கள். கொஞ்சம் பிக்சல் போகும், போகட்டும். மென்பொருளில் கோடுகளை நிமிர்த்துவதும் சரிதான், ஆனால் நிமிர்த்தும்போது மேல்பகுதி இழுபடும், ஓரங்கள் வெட்டுப்படும், அதனால் எடுக்கும்போதே சுற்றிலும் தாராளமாக இடம் விட வேண்டும். போனின் அகலக் கோண லென்ஸை மட்டும் யோசித்துப் பயன்படுத்துங்கள், ஓரத்தில் வட்டத் தூண்கூடக் கோழிமுட்டையாகிவிடும்.

நிமிர்த்துவதில் ஒரு எச்சரிக்கை. ரொம்ப உயரமான கட்டடத்தை நூறு சதவீதம் நிமிர்த்தினால் மேலே அகன்று தலைகனத்தது போலத் தெரியும், கண் கொஞ்சம் குவிதலை எதிர்பார்க்கிறது. நான் சிறிது விட்டுவைப்பேன்.

கேமராவை நிறுத்தும் முக்காலியைப் பற்றிக் கேட்டால், அந்திக்கும் அதே ஃப்ரேமை மறுபடி பிடிக்கவும் வேண்டும். மற்ற நேரத்தில் தோளுக்குப் பாரம்.

கண்ணாடிச் சுவரில் எதிரே உள்ள எல்லாம் தெரிகிறது. பளபளப்பைக் குறைக்க லென்ஸ் முன்னால் மாட்டித் திருகும் போலரைசர் போட்டால் போய்விடுமா?

நேருக்கு நேர் நின்றால் போகாது, எவ்வளவு திருகினாலும். கண்ணாடிப் பரப்புக்கு ஏறக்குறைய 35 பாகைச் சாய்வில் பார்க்கும்போதுதான் அது முழுசாக வேலை செய்யும். அகலக் கோண லென்ஸில் ஒரே சுவரின் ஒரு பகுதி அந்தக் கோணத்தில் இருக்கும், இன்னொரு பகுதி இருக்காது. ஆகவே பாதிச் சுவர் கறுப்பாக, பாதிச் சுவர் பளபளப்பாக வரும். வானமும் திட்டுத்திட்டாகக் கறுக்கும். இன்னொரு வேடிக்கை, பதப்படுத்திய கண்ணாடியில் போலரைசர் போட்டால் சிறுத்தைப் புள்ளி மாதிரிக் கறைகள் தெரியும், கண்ணாடியைச் சூடாக்கிக் குளிரவைத்தபோது உள்ளே தங்கிய அழுத்தத்தின் தடம் அது. முதல் தடவை பார்த்தபோது லென்ஸில் அழுக்கு என்று நினைத்து மூன்று தடவை துடைத்தேன்.

என்னைக் கேட்டால் பிரதிபலிப்பை விரட்டாதீர்கள். எதிரே இருப்பதைக் கண்ணாடிச் சுவர் அன்றைக்கன்றைக்கு வாங்கிக் காட்டுகிறது, திரும்பிப் போவதற்கு அதைவிடக் காரணம் வேண்டுமா? எதிரே புதிதாக ஒரு கட்டடம் எழும்பினால் உங்கள் கட்டடமும் மாறிவிடும்.

வெயில் கண்ணாடியில் பட்டுத் திரும்பி எங்கே விழுகிறது என்றும் பாருங்கள். எதிர்ச் சாலையில், பக்கத்துச் சுவரில், தரையில் சதுரம் சதுரமாக வெளிச்சம் கிடக்கும், பாதசாரிகள் அதற்குள் நுழைந்து வெளியேறுவார்கள். சில சமயம் அது விபரீதமாகவும் போகும். லண்டனில் ரஃபேல் வினோலி வடிவமைத்த 20 ஃபென்சர்ச் தெருக் கோபுரத்தின் உட்குழிந்த முகப்பு 2013இல் வெயிலைக் குவித்து, கீழே நிறுத்தியிருந்த காரின் பாகங்களை உருக்கியது. பிறகுதான் வெயில் தடுப்பு பொருத்தினார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் ஃபிராங்க் கெரியின் டிஸ்னி இசை அரங்கம் 2003இல் திறந்தபோது சில உலோகத் தகடுகளின் பளபளப்பு அக்கம்பக்கத்து வீடுகளைச் சுட்டது, அவற்றைத் தேய்த்து மங்கலாக்க வேண்டியதாயிற்று. 2004இல் ஒரு தடவையும் அதற்குப் பிறகு ஒரு தடவையும் அதை எடுத்தவர் இரண்டு வேறு சுவர்களை எடுத்திருப்பார்.

பூசாத கான்கிரீட் படத்தில் சும்மா சாம்பல் கலராக, உயிரில்லாமல் வருகிறதே?

தூரத்திலிருந்து எடுப்பதால். கிட்டே போங்கள், கை எட்டும் தூரத்துக்கு. கான்கிரீட் தான் ஊற்றப்பட்ட கதையைத் தோலிலேயே வைத்திருக்கிறது. சென்ட்ரிங் பலகையின் மர ரேகை, இரண்டு பலகைக்கு நடுவே பிதுங்கிய விளிம்பு, ஒரு நாள் ஊற்றியதற்கும் மறுநாள் ஊற்றியதற்கும் இடையே நிறம் மாறும் கோடு. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் தடாவ் ஆண்டோவின் சுவர்களில் பலகை ஒவ்வொன்றும் ததாமிப் பாயின் அளவு, சுமார் 90க்கு 180 செ.மீ., ஒவ்வொன்றிலும் ஆறு வட்டக் குழிகள். பலகைகளை இறுக்கிப் பிடித்த கம்பிகள் இருந்த இடம் அவை. அலங்காரம் போலத் தெரிந்தாலும் வேலை நடந்த அடையாளம்தான். அந்தக் குழிகளை எண்ணிக்கொண்டு போனால் சுவரின் அளவையே சொல்லிவிடலாம்.

என் நூலகத்தின் ஆட்களுக்கு அந்தத் துல்லியம் வாய்க்கவில்லை. குழிகள் தாறுமாறாக இருக்கும், ஒன்றில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது, மூன்றாவது மாடி விளிம்பில் நீட்டிய மழைநீர்க் குழாய்க்குக் கீழே ஒரு கறுப்புக் கறை. முதல் வருஷம் அது ஒரு சாண் இருந்தது, இப்போது இரண்டாவது மாடி ஜன்னலைத் தாண்டிவிட்டது. நனைந்தால் மை போல ஆகும், காய்ந்தால் ஓரத்தில் பச்சை.

எக்ஸ்போஷர், அதாவது எவ்வளவு வெளிச்சம் பதிகிறது என்ற விஷயத்தில் ஒன்று: வெயில் பட்ட வெளிர் கான்கிரீட்டைக் கேமரா இருட்டாக்கிவிடும், நடுச் சாம்பலாக்குவது அதன் பழக்கம். அரை ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை கூட்டிக்கொள்ளுங்கள், ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் ரா ஃபைலாக எடுப்பது நல்லது.

இருட்டிய பிறகு எடுக்கலாமா?

இருட்டிய பிறகு வேண்டாம், இருட்டும்போது எடுங்கள். சூரியன் மறைந்த பிறகு வானத்தின் நீலமும் உள்ளே எரியும் விளக்கும் ஒரே அளவுக்கு வருகிற சில நிமிடங்கள் உண்டு. நிலநடுக்கோட்டருகே அது சட்டென்று முடிந்துவிடும், துருவங்களை நோக்கிப் போகப் போக நீளும். அரை மணி முன்னதாகவே முக்காலியை வைத்துவிட்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒன்று எடுத்துக்கொண்டே இருங்கள். எது சரியான நிமிடம் என்று அங்கே நிற்கும்போது யாருக்கும் தெரியாது.

அலுவலகக் கட்டடம் என்றால் வேலை நாளில் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போய் இருட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தவன் நான். அந்தி சீக்கிரம் வரும் மாதத்தில் உள்ளே ஆட்கள் இருப்பார்கள், விளக்கு எரியும். தாமதமாக வரும் மாதத்தில் துப்புரவுப் பணியாளர் ஒரு மாடிக்கு விளக்குப் போட்டு அடுத்த மாடிக்குப் போவார், அதுவும் ஒரு படம்தான்.

பல எல்.ஈ.டி. விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 தடவை. எலக்ட்ரானிக் ஷட்டரில் வேகமாக எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழும். ஷட்டரை 1/50 நொடி அல்லது அதற்கும் மெதுவாக வைத்துக்கொண்டால் பிரச்சினை இல்லை.

இந்த வேலையின் உச்சம் என்று நான் நினைப்பது ஜூலியஸ் ஷுல்மன் 1960இல் லாஸ் ஏஞ்சலிஸ் மலைமேல் பியர் கோனிக் வடிவமைத்த கண்ணாடி வீட்டை எடுத்த படம். கீழே நகரத்து விளக்குகள் பதிவதற்காக ஷட்டரைச் சுமார் ஏழு நிமிடம் திறந்து வைத்தார், பிறகு ஃபிளாஷ் அடித்து உள்ளே உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களைப் பதித்தார். ஒரே நெகட்டிவில் இரண்டு நேரம்.

படத்தில் ஆட்கள் இருக்கலாமா? கட்டடப் படம் என்றால் காலியாகத்தானே இருக்க வேண்டும்?

யார் சொன்னது? ஆள் இல்லாத கட்டடத்தின் அளவு புரியாது. படிக்கட்டில் ஒருவர் உட்கார்ந்தால்தான் அந்தப் படி உட்காரும் உயரத்தில் இருக்கிறதென்று தெரியும். ஷட்டரை 1/4 நொடி வைத்தால் நடப்பவர் கலங்கலாக வருவார், நிற்பவர் தெளிவாக இருப்பார், அந்தக் கலவை எனக்குப் பிடிக்கும். யாருமே வேண்டாம் என்றால் வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டர், பத்து ஸ்டாப் அளவில் போடுங்கள், 1/60 நொடி 17 நொடியாகிவிடும், நடந்து போனவர்கள் மறைந்துவிடுவார்கள். பெஞ்சில் தூங்குகிறவர் மறைய மாட்டார். முகம் அடையாளம் தெரிகிற அளவுக்குக் கிட்டே எடுத்தால் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது மரியாதை.

பழைய படத்தின் அதே இடத்தில், அதே ஃப்ரேமில் எப்படி நிற்பது?

சும்மா கண் அளவில் நின்றால் வராது, ஜிபிஎஸ்ஸும் மீட்டர் கணக்கில் தப்பும். கிட்டே இருப்பதையும் தூரத்தில் இருப்பதையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க வேண்டும். பழைய படத்தில் முன்னால் இருக்கும் தூணின் வலது விளிம்பு பின்னால் எந்த ஜன்னல் சட்டத்தைத் தொடுகிறது? அதே மாதிரி தொடும் வரை இடம் வலம் நகருங்கள். அடுத்து உயரம்: கைப்பிடிச் சுவரின் மேல் விளிம்பு பின்சுவரில் எந்தக் கோட்டோடு சேர்கிறது என்று பார்த்து முக்காலியை ஏற்றி இறக்குங்கள். பக்கவாட்டில் ஒன்று, உயரத்துக்கு ஒன்று, குறைந்தது இரண்டு பொருத்தம் வேண்டும். இரண்டும் சேர்ந்துவிட்டால் சில செ.மீ.க்குள் அதே இடத்தில் நிற்கிறீர்கள். லென்ஸை எல்லாவற்றுக்கும் கடைசியில் பாருங்கள், நிற்கும் இடம் சரியாக இருந்தால் அகலத்தை வெட்டிச் சரிசெய்யலாம், இடம் தப்பானால் எந்த லென்ஸும் காப்பாற்றாது.

1977இலிருந்து 1979 வரை மார்க் கிளெட்டும் அவருடைய குழுவும் அமெரிக்க மேற்கில் நூறு வருஷம் முந்தைய நிலக்காட்சிப் படங்களை இப்படித்தான் மறுபடி எடுத்தார்கள், அதே இடம் மட்டுமில்லாமல் முடிந்தவரை அதே வெளிச்சத்துக்கும் காத்திருந்து. பாறையை விடக் கட்டடம் சுலபம், நேர்கோடுகள் நிறைய.

நான் ஒரு சின்ன நோட்டில் முக்காலி உயரம், லென்ஸ், தேதி, மணி, எதற்கு எது பொருந்துகிறது என்று ஒரு கோட்டுப்படம், இவ்வளவும் போட்டு வைக்கிறேன். போனில் போடலாமே என்பார்கள். போட்டேன், போன் மாறியபோது இரண்டு வருஷக் குறிப்பு போனது.

இடையில் கட்டடமே மாறிவிட்டது. மரம் மறைக்கிறது, ஏசி பெட்டி மாட்டிவிட்டார்கள், விளம்பரப் பலகை வந்துவிட்டது. இனி எடுத்து என்ன பயன்?

இப்போதுதான் எடுக்க வேண்டும். திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் எடுக்கிற படத்தைக் கட்டடக் கலைஞர் யாரையாவது வைத்து எடுத்துக்கொள்வார். ஏசி பெட்டி மாட்டியதற்கு அப்புறமான படத்தை உங்களைப் போல் மறுபடி வருகிறவர்தான் எடுப்பார்.

துருப்பிடிக்கவென்றே செய்த கார்ட்டன் இரும்பு முதல் சில வருஷங்களில் ஆரஞ்சிலிருந்து ஆழ்ந்த பழுப்புக்குப் போகும். பூசாத மரப் பலகை வெள்ளிச் சாம்பலாகும். செம்புக் கூரை பச்சையாகப் பல வருஷம் ஆகும். இவற்றையெல்லாம் ஒரே வருகையில் எடுக்க வழி இல்லை.

சில கட்டடங்கள் போயும் விடும். தில்லி பிரகதி மைதானத்தில் ராஜ் ரேவால் வடிவமைத்த ஹால் ஆஃப் நேஷன்ஸ் 1972இல் திறந்தது, பொறியாளர் மகேந்திர ராஜ். முக்கோணம் முக்கோணமாகக் கான்கிரீட்டிலேயே கோத்த பிரம்மாண்டக் கூடு. 2017 ஏப்ரலில் இடித்துவிட்டார்கள். டோக்கியோவில் கிஷோ குரோகாவாவின் நகாகின் கேப்சூல் கோபுரமும் அதே 1972. 140 பெட்டி வீடுகள், பழசானால் கழற்றிப் புதிது மாட்டலாம் என்பது திட்டம், ஒன்றைக்கூட அப்படி மாற்றவில்லை, 2022இல் மொத்தமாகப் பிரித்தார்கள். இரண்டையும் முழுக் கட்டடமாக இன்று நாம் பார்ப்பது யார் யாரோ எடுத்து வைத்த படங்களைத்தான். பார்சிலோனாவில் மீஸ் வான் டெர் ரோ 1929இல் கட்டிய காட்சிக்கூடம் மறு வருஷமே கலைக்கப்பட்டது. 1986இல் மறுபடி கட்டி முடிக்கும் வரை அரை நூற்றாண்டுக்கும் மேல் உலகம் அந்தக் கட்டடத்தைப் படங்களில்தான் படித்தது.

எதை எடுத்து வைப்பது என்று கேட்டால், அழகான கோணத்தோடு நிறுத்தாமல் நான்கு பக்கச் சுவர், உள்ளே நுழையும் இடம், படிக்கட்டு, கைப்பிடி, மூட்டுகள். சலிப்பான படங்கள்தான். எடுத்து வையுங்கள்.

காவலாளி தடுத்தால்? சட்டம் என்ன சொல்கிறது?

இரண்டும் வேறு வேறு. கட்டடத்தின் படத்தை எடுப்பது பதிப்புரிமை மீறலா என்பது ஒன்று. இந்தியாவில் 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவும், பிரிட்டனில் 1988 சட்டத்தின் 62ஆம் பிரிவும் கட்டடத்தைப் படமெடுப்பதை மீறல் இல்லை என்கின்றன. அமெரிக்காவிலும் பொது இடத்திலிருந்து தெரிகிற கட்டடத்தை எடுக்கலாம். பிரான்சில் நிலைமை இறுக்கம்: 2016இலிருந்து தனிநபர்கள் வியாபார நோக்கமில்லாமல் எடுக்க விலக்கு உண்டு, ஆனால் ஐஃபல் கோபுரத்தின் இரவு விளக்கமைப்புக்குத் தனி உரிமை கோருகிறார்கள். ஜெர்மனியில் தெருவிலிருந்து தெரிவதை எடுக்கலாம், வியன்னாவில் இருக்கும் ஹுண்டர்ட்வாசர் வீடு என்ற குடியிருப்பை எதிர்வீட்டு மாடியிலிருந்து எடுத்த படத்துக்கு அந்தச் சலுகை இல்லை என்று 2003இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இடத்தின் சொந்தக்காரர் உள்ளே எடுக்காதே என்று சொல்வது இன்னொன்று, அதற்கு அவருக்கு உரிமை உண்டு. பொதுச் சதுக்கம் போலத் தெரிகிற பல இடங்கள் தனியார் நிலம். முக்காலியைப் பார்த்ததும்தான் காவலர்கள் எழுந்து வருவார்கள், கையில் பிடித்து எடுத்தால் பாதிப் பேர் கண்டுகொள்ள மாட்டார்கள். திரும்பத் திரும்பப் போவதன் லாபம் இங்கேதான். என்னை முதல் வருஷம் வெளியே அனுப்பிய காவலாளி மூன்றாவது வருஷம், "இன்றைக்கு மொட்டை மாடி திறந்திருக்கிறது, பார்க்கிறீர்களா?" என்று கேட்டார். அவருக்கு நான் ஒரு படம் பிரிண்ட் போட்டுக் கொடுத்திருந்தேன். அவர் நாற்காலி போட்டு உட்காரும் மூலை அது.

ராணுவ இடங்கள், சில ரயில், விமான நிலையப் பகுதிகளில் வாதம் செய்யாதீர்கள். ட்ரோன் என்றால் ஒவ்வொரு நாட்டுக்கும் தனி விதி, பார்த்துவிட்டுப் பறக்கவிடுங்கள்.

ஒரு தடவைக்கு எத்தனை படம் எடுப்பது?

புகைப்படக்காரர் லூசியன் ஹெர்வே 1949இல் பிரான்சின் மார்சேயில் கட்டடக் கலைஞர் லெ கார்பூசியேயின் குடியிருப்பு கட்டுமானத்தில் இருந்தபோது ஒரே நாளில் 650 படங்கள் எடுத்தார், அதுவும் ஃபிலிமில். அதைப் பார்த்த பிறகு லெ கார்பூசியே தன் கட்டடங்களை எடுக்க அவரையே வைத்துக்கொண்டார். ஆகவே நிறைய எடுப்பது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. நான் எடுப்பது முப்பது, நாற்பது. முதல் தடவை போகிறவர் ஹெர்வே வழியில் போகலாம், பத்தாவது தடவை போகிறவருக்கு அவ்வளவு தேவைப்படாது.

போகுமுன் பழைய படங்களைப் பார்த்துவிட்டுப் போகலாமா?

முந்தைய நாள் பாருங்கள். அதே காலையில் பார்த்தால் அங்கே போய் அவற்றையே தேடுவீர்கள்.

அலுத்துவிட்டது. போனேன், ஒன்றுமே கிடைக்கவில்லை.

கேமராவைப் பையில் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் உட்காருங்கள். எனக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது வெறுங்கையோடு வரும்படி ஆகும். இல்லை, பழக்கமான லென்ஸை விட்டுவிட்டு 85 மி.மீ. ஒன்றை மட்டும் எடுத்துப் போங்கள். முழுக் கட்டடமும் வராது, ஆகவே எதையாவது தேர்ந்தே ஆக வேண்டியிருக்கும்.

எப்போது போதும் என்று நிறுத்துவது?

உங்களிடம் கேள்வி தீரும்போது. எனக்கு இன்னும் ஒன்று பாக்கி. பூச்சு இல்லாத கான்கிரீட் பார்க்க அழுக்காக இருக்கிறதாம், நூலகத்துக்கு வெள்ளை பெயிண்ட் அடிக்கப் போகிறார்களாம், மேற்குப் பக்கம் சாரக் கம்புகள் வந்து இறங்கிவிட்டன. அந்த மழைநீர்க் கறையை நான் இதுவரை பக்கவாட்டிலிருந்தும் கீழிருந்தும்தான் எடுத்திருக்கிறேன், அதன் உயரத்தில் நேராக நின்று எடுத்ததில்லை. எதிர்க் கட்டடத்தின் மூன்றாவது மாடி நடைபாதைக்கு அனுமதி கேட்டிருக்கிறேன். மழை பெய்து ஓய்ந்து, கறை நனைந்திருந்து, மேகமும் மூடியிருந்தால் வசதி. அதற்குள் சாரம் ஏறிவிட்டால் சாரத்தோடு எடுப்பேன்.